எண்ணெய்ப் பாறைக்குள் இடம் எவ்வளவு? இருப்புக் கணக்கின் அடியில் இருக்கும் ஒரு சதவீதம்

டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஒரு கேள்வி எழுகிறது. இங்கே திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து 1,000 அடி, 1,200 அடி என்று போர் போடுகிறோம். பல இடங்களில் கல்மாவுதான் பறக்கிறது, தண்ணீரே வருவதில்லை. ஒகேனக்கல்லைத் தாண்டிப் போகிற அதே காவிரி கடலில் சேரும் பகுதியில் மட்டும் எண்ணெய் எப்படிக் கிடைக்கிறது? இன்னும் ஆழமாகத் துளைத்தால் இங்கேயும் கிடைக்குமா?

ஆழம் இதில் இரண்டாவது விஷயம். முதலில் பார்க்க வேண்டியது பாறைக்குள் இடம் இருக்கிறதா என்பதைத்தான். "இத்தனை கோடி பீப்பாய் இருப்பு" என்று செய்தியில் வருகிற எண்ணுக்கு அடியில், பாறைத் துண்டுகளை வைத்து அந்த இடத்தை அளந்த ஒரு சதவீதம் இருக்கிறது. அதை எப்படி அளக்கிறார்கள், எங்கே பிசகும் என்று தெரியாமல் இருப்புச் செய்தியை எடைபோட முடியாது.

## எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை

நிலத்தடியில் எண்ணெய் ஒரு பெரிய குகைக்குள் குளம் போலக் கிடக்கிறது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அப்படி இல்லை. மணற்கல்லில் மணிக்கும் மணிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் இருக்கின்றன. எண்ணெய், எரிவாயு, உப்புநீர் மூன்றும் அந்த இடைவெளிகளில்தான் இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் அது கெட்டியான கல்தான்.

அளவீட்டுக்கு மூன்று கன அளவுகள் வேண்டும்.

1. மொத்தக் கன அளவு: கல் வெளியிலிருந்து பார்க்கும்போது அடைத்துக்கொள்ளும் இடம் முழுவதும்.
2. மணிக் கன அளவு: அதில் கெட்டிப்பொருள் மட்டும் அடைக்கும் இடம்.
3. துளைக் கன அளவு: முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சும் வெற்றிடம்.

துளைக் கன அளவை மொத்தக் கன அளவால் வகுத்துச் சதவீதமாகச் சொன்னால் அதுதான் போரோசிட்டி எனப்படும் நுண்துளைமை. மூன்றில் ஏதாவது இரண்டை அளந்துவிட்டால் போதும், மூன்றாவது தானே வந்துவிடும். கீழே பார்க்கப்போகும் ஆய்வுக்கூட முறைகள் இரண்டும் இப்படி ஏதாவது இரண்டைத்தான் வெவ்வேறு வழியில் அளக்கின்றன.

ஒரே அளவுள்ள உருண்டைகளை நேராக, ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கினால் இடைவெளி 47.6 சதவீதம். நெருக்கி, பள்ளத்தில் பள்ளமாக உட்காரவைத்தால் 26 சதவீதம். உருண்டை கோலிக்குண்டாக இருந்தாலும் கடுகாக இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஆனால் பெரியதும் சிறியதும் கலந்தால், பெரியவற்றின் இடைவெளியைச் சிறியவை அடைத்துவிடும், சதவீதம் இறங்கும். ஆகவே மணியின் அளவைக் காட்டிலும், மணிகள் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

## ஒரே குவார்ட்ஸ், இரண்டு வகைப் பாறை

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பாறைகளில் பெரும்பகுதி சுமார் 250 கோடி ஆண்டு பழமையான நைஸ், சார்னக்கைட், கிரானைட் வகைகள். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தில் படிகமானவை. ஒவ்வொரு படிகமும் பக்கத்துப் படிகத்தோடு இடுக்கே இல்லாமல் கோத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. வெடிப்பில்லாத கருங்கல் துண்டில் நுண்துளைமை பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழ்.

சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா கண்டம் பிளக்கத் தொடங்கியபோது, இன்றைய தமிழகத்தின் கிழக்கு ஓரம் பள்ளமாக இறங்கியது. மேற்கே இருந்த பழைய பாறைகள் அரிபட்டு, மணலாகவும் களிமண்ணாகவும் அந்தப் பள்ளத்தில் பல கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்தன. அதுதான் புவியியலாளர்கள் சொல்லும் காவிரிப் படுகை. பாறையில் இறுகிக் கிடந்த குவார்ட்ஸ் மணிகள் உதிர்ந்து, உருண்டு, வேறொரு இடத்தில் இடைவெளி விட்டுப் படிந்தன. புதிதாகப் படிந்த மணலில் இடைவெளி 40 சதவீதம் வரை இருக்கும். மேலே மேலே சுமை ஏற ஏற மணல் நெருங்குகிறது. அப்புறம் சிலிக்காவும் கால்சைட்டும் மணிகளுக்கு நடுவே படிந்து ஒட்டுகின்றன. கடைசியில் மணற்கல்லில் 10 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலே எண்ணெய்த் துறையினருக்கு நல்ல பாறை.

அந்தப் பள்ளத்தில் மணலோடு, மக்கிய உயிர்ப்பொருள் நிறைந்த சேறும் புதைந்தது. எண்ணெய்க்கு மூலம் அந்தச் சேறுதான். இரண்டும் ஒரே இடத்தில் அமைந்ததால்தான் நரிமணத்திலும் குத்தாலம் பக்கத்திலும் கிணறுகள் இருக்கின்றன.

## கிணற்றிலிருந்து மேசைக்கு

போர் போடும்போது பாறை பொடியாகித்தான் வெளியே வரும். பொடியை வைத்து இது என்ன பாறை என்று சொல்லலாம். இடைவெளியை அளக்க முடியாது. அதனால் எண்ணெய்க் கிணற்றில் முக்கியமான ஆழங்களில் மட்டும், நடுவில் ஓட்டையுள்ள வெட்டுமுனையை மாட்டி, பாறையை நீண்ட உருளையாக அறுத்து எடுக்கிறார்கள். இதற்குக் கோர் என்று பெயர். செலவு அதிகம், நேரமும் பிடிக்கும், ஆகவே கிணறு முழுக்க எடுப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கோரிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை அங்குல விட்டமுள்ள சிறு உருளைகளை வெட்டுகிறார்கள். அவை பிளக். விரல் நீளமே இருக்கும்.

அடுத்தது சுத்தம் செய்வது. என் பார்வையில் முழு அளவீட்டின் தரமும் இங்கேதான் முடிவாகிறது. பிளக்கின் துளைகளுக்குள் பழைய எண்ணெயும் உப்பும் இருக்கும். அதை எடுக்காமல் அளந்தால், அவை அடைத்திருக்கும் இடமும் கெட்டிக் கல்லாகக் கணக்கில் ஏறிவிடும். சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில், எண்ணெயைக் கரைக்கும் டொலுயீன் என்ற திரவம் கீழே கொதிக்கிறது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து, பிளக்கின்மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறது. குடுவை நிரம்பியதும் அழுக்குக் கரைசல் மொத்தமாகக் கீழே இறங்க, மறுபடி புதுச் சொட்டு. வடியும் டொலுயீன் நிறமில்லாமல் தெளிவாக வரும்வரை நாள் கணக்கில், சில பாறைகளுக்கு வாரக் கணக்கில் இது நடக்கும். பிறகு மெத்தனால் ஊற்றி உப்பை எடுக்கிறார்கள். வடிந்த மெத்தனாலில் சில்வர் நைட்ரேட் விட்டால் வெண்மை தட்டக்கூடாது. தட்டினால் உப்பு இன்னும் இருக்கிறது.

உலர்த்துவதிலும் கவனம் வேண்டும். சுத்தமான மணற்கல்லை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கலாம். களிமண் கலந்த பாறையை அப்படிச் சூடாக்கினால் களிமண் தன்னோடு பிடித்து வைத்திருக்கும் நீரும் போய்விடும், இல்லாத இடைவெளி இருப்பதாகக் காட்டும். அதற்கு ஈரப்பதம் கட்டுப்படுத்திய அடுப்பில் 60 டிகிரி வாக்கில் வைக்கிறார்கள். எடை மாறாமல் நிலைக்கும்வரை உலர்த்தல் தொடரும்.

## ஹீலியம் முறை

இன்று பெரும்பாலான கூடங்களில் நடப்பது இதுதான். ராபர்ட் பாயில் 1662-இல் சொன்ன விதி இதற்கு அடிப்படை: வெப்பநிலை மாறாதபோது வாயுவின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறாது.

இரண்டு அறைகள், நடுவில் ஒரு வால்வு. முதல் அறையில் ஹீலியத்தை அடைத்து அழுத்தத்தைக் குறிக்கிறார்கள். இரண்டாவது அறைக்குள் பிளக். வால்வைத் திறந்தால் ஹீலியம் அந்த அறைக்குள் பரவி, பிளக்கின் துளைகளுக்குள்ளும் நுழைகிறது. அழுத்தம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். வாயு நுழைய முடியாத இடம் கெட்டி மணிகள் மட்டுமே. இறங்கிய அழுத்தத்திலிருந்து மணிக் கன அளவு கிடைத்துவிடுகிறது. ஹீலியம் அணு மிகச் சிறியது, எதனோடும் வினைபுரியாது, பாறைப் பரப்பில் ஒட்டிக்கொள்வதும் இல்லை. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிளக்கின் விட்டம் 3.8 செமீ, நீளம் 5 செமீ. மொத்தக் கன அளவு 56.7 சிசி. முதல் அறை 50 சிசி, அதில் மானி காட்டும் அழுத்தம் 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அலகு). பிளக் வைக்கும் அறை 80 சிசி, அது சாதாரண காற்றழுத்தத்தில் இருக்கிறது, அதாவது மானியில் 0.

1. வால்வைத் திறந்தபின் மானி 59.1 பிஎஸ்ஐ காட்டுகிறது. வாயு இப்போது பரவியிருக்கும் இடம் 50 × 100 ÷ 59.1 = 84.6 சிசி.
2. இரண்டு அறைகளும் சேர்ந்து 130 சிசி. 130 − 84.6 = 45.4 சிசி. இது மணிக் கன அளவு.
3. துளைக் கன அளவு 56.7 − 45.4 = 11.3 சிசி. நுண்துளைமை சுமார் 20 சதவீதம்.

மானி 59.1-க்குப் பதில் 59.6 காட்டியிருந்தால் விடை 18.7 சதவீதம். அரை பிஎஸ்ஐ பிசகுக்கு ஒரு சதவீதப் புள்ளிக்கும் மேல் போய்விடுகிறது. அழுத்தத்தைச் சரியாகப் படித்து, பிளக்கின் நீளத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூட்டி 5.1 செமீ என்று எழுதிவிட்டால் விடை 21.5 சதவீதம். ஹீலியத்தின் நுட்பம் எல்லாம், நீளம் அளக்கும் காலிப்பர் என்ற கருவியைக் கவனக்குறைவாகப் படிப்பதில் வீணாகிவிடும். ஓரம் சிதைந்த பிளக்குகளில் மொத்தக் கன அளவைக் காலிப்பரால் நம்பி எடுக்க முடியாது. பாதரசத்தில் அமிழ்த்தி எடுப்பது பழைய வழக்கம். அழுத்தம் கொடுக்காதவரை பாதரசம் துளைக்குள் நுழையாது என்பதால் வெளி உருவத்தின் கன அளவை மட்டும் காட்டும்.

## தண்ணீர் முறை: கிரானைட் பட்டறையில் நடப்பதும் இதுவே

இரண்டாவது முறை ஆர்க்கிமிடீஸ் தத்துவம். உலர்ந்த எடை, துளைகளில் திரவம் நிரம்பிய எடை, திரவத்துக்குள் தொங்கவிட்ட எடை என்று மூன்று எடைகள் போதும்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். வெளிநாட்டுக்குப் போகும் கல்லுக்கு நீர் உறிஞ்சும் சோதனை கேட்கிறார்கள். ஏஎஸ்டிஎம் சி97 என்ற அமெரிக்கச் சோதனைமுறைப்படி கல்லை உலர்த்தி எடைபோட்டு, 48 மணிநேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோட வேண்டும். கிரானைட் என்றால் எடையில் 0.40 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக்கூடாது என்பது அவர்களின் வரம்பு. சமையல் மேடையில் எண்ணெய்க் கறை ஊறுமா என்பதற்கு முதல் துப்பு இந்த எண்தான்.

ஒரு துண்டு உலர்ந்தபோது 530.0 கிராம், ஊறியபின் 530.8, தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 330.8 என்று வைத்துக்கொள்வோம். ஊறிய எடையிலிருந்து தொங்கும் எடையைக் கழித்தால் 200. ஒரு கிராம் தண்ணீர் ஒரு சிசி என்பதால் மொத்தக் கன அளவு 200 சிசி. உள்ளே போன தண்ணீர் 0.8 சிசி. நுண்துளைமை 0.4 சதவீதம். சோதனைச் சான்றிதழில் ஏறுவது எடைக் கணக்கு, 0.8 ÷ 530, அதாவது 0.15 சதவீதம். கல் ஒன்றுதான், எண் இரண்டு. கல்லின் சான்றிதழையும் எண்ணெய்க் கிணற்று அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் எடைச் சதவீதமா, கன அளவுச் சதவீதமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வெறுமனே ஊறவைத்தால் துளைக்குள் சிக்கிய காற்று முழுக்க வெளியேறாது. எண்ணெய்க் கூடத்தில் முதலில் வெற்றிடம் உண்டாக்கிக் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் திரவத்தை விடுகிறார்கள். நல்ல தண்ணீரையும் தவிர்க்கிறார்கள். சிலவகைக் களிமண் அதில் உப்பித் துளையை அடைத்துவிடும். உப்புநீர் பயன்படுத்துவார்கள்.

## எல்லாத் துளையும் பயன்படாது

மேலே சொன்ன இரண்டு முறைகளும் காட்டுவது ஒன்றோடொன்று தொடர்புள்ள துளைகளை. நாலாபுறமும் அடைபட்ட துளைக்குள் ஹீலியமும் போகாது, எண்ணெயும் வெளியே வராது. தொடர்புள்ளவற்றை மட்டும் எண்ணினால் பயனுறு நுண்துளைமை. பாறையைப் பொடித்து மணியின் அடர்த்தியைத் தனியே அளந்து எல்லாத் துளைகளையும் சேர்த்தால் மொத்த நுண்துளைமை. சில பாறைகளில் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் வரும்.

தொடர்பு இருந்தாலும் பாதை குறுகலாக இருந்தால் எண்ணெய் நகராது. பாறை வழியே திரவம் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது ஊடுருவுதிறன். 1856-இல் ஹென்றி டார்சி மணல் வழியே தண்ணீரை ஓடவிட்டு இதற்கான விதியைக் கண்டார், அலகும் அவர் பெயரில்தான். களிமண்ணில் இடைவெளி மணலைவிட அதிகமாகக்கூட இருக்கும். ஆனாலும் அது தண்ணீரை விடாது. அதிக நுண்துளைமை என்று மட்டும் செய்தியில் படித்துவிட்டுக் கிணறு பொங்கும் என்று எண்ணுவது தவறு.

## எண் பிசகும் இடங்கள்

1. சுமை நீங்குவது. 2,000 மீட்டர் ஆழத்தில் நசுங்கிக் கிடந்த பாறை மேலே வந்ததும் சற்றுத் தளர்கிறது. மேசையில் அளந்த எண் நிலத்தடி எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். அதனால் முக்கியமான பிளக்குகளை ரப்பர் உறைக்குள் வைத்து, ஆழத்துக்கு ஈடான அழுத்தம் கொடுத்து மறுபடி அளக்கிறார்கள்.
2. தேர்வு. உதிரும் மணலில் பிளக் வெட்ட வராது, உடைந்துவிடும். வெட்ட வந்த இடங்களையே எடுத்தால் கெட்டியான பகுதிகள் மட்டும் கணக்கில் ஏறும். இதைத் தவிர்க்க ஒரே சீரான இடைவெளியில், பார்த்துப் பொறுக்காமல் வெட்ட வேண்டும்.
3. அளவு. சில பிளக்குகளை வைத்துப் பல சதுர கிலோமீட்டருக்குச் சொல்ல முடியாது. ஆகவே கிணற்றுக்குள் கருவியை இறக்கி அடி அடியாகப் பாறையின் அடர்த்தியைப் பதிவு செய்கிறார்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, நீரின் அடர்த்தி 1. பாறை 2.32 காட்டினால் (2.65 − 2.32) ÷ (2.65 − 1) = 20 சதவீதம். இந்த மறைமுகக் கணக்கைச் சரிபார்க்கும் அளவுகோல் ஆய்வுக்கூடத்துப் பிளக்தான். பாறை மணற்கல் இல்லாமல் சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் 2.65-க்குப் பதில் 2.71 போட வேண்டும். தவறிப்போனால் விடையே தவறு.

## சதவீதம் பீப்பாய் ஆகும்போது

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, 10 மீட்டர் தடிமன். பாறை 1 கோடி கன மீட்டர். நுண்துளைமை 20 சதவீதம் என்றால் இடைவெளி 20 லட்சம் கன மீட்டர். அதில் 30 சதவீதத்தை உப்புநீர் பிடித்திருந்தால் எண்ணெய்க்கு 14 லட்சம். மேலே வரும்போது அதில் கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும்; நிலத்தடியில் 1.25 பங்கு இடம் பிடித்தது மேலே 1 பங்காகச் சுருங்கினால் 11.2 லட்சம் கன மீட்டர். ஒரு பீப்பாய் சுமார் 159 லிட்டர், ஆக ஏறக்குறைய 70 லட்சம் பீப்பாய்.

நுண்துளைமையை மட்டும் 18 என்று மாற்றினால் 63 லட்சம். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் 7 லட்சம் பீப்பாய் மறைந்துவிட்டது. இவ்வளவும் நிலத்தடியில் உள்ள இருப்பு மட்டுமே. எடுக்க முடிவது அதில் ஒரு பங்கு. செய்தித் தலைப்புகளில் இந்த இரண்டையும் கலந்து எழுதுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

## கருங்கல்லில் எண்ணெயே இல்லையா?

உண்டு. வியட்நாம் கடலில் பாக் ஹோ வயலில் 1988-இல் கிரானைட்டுக்குள்ளேயே பெரிய அளவில் எண்ணெய் கண்டார்கள். நம் டெல்டாவிலும் சீர்காழி பக்கம் மாதானத்தில், படிவுகளுக்கு அடியில் கிடக்கும் பழைய அடித்தளப் பாறையின் வெடிப்புகளில் ஓஎன்ஜிசி எண்ணெய் கண்டிருக்கிறது. அந்தப் பாறை கிருஷ்ணகிரிப் பாறைக்கு உறவு. ஆனால் அங்கே பக்கத்திலும் மேலேயும் உயிர்ப்பொருள் நிறைந்த படிவு இருந்தது. அதிலிருந்து ஊறிய எண்ணெய் வெடிப்புக்குள் புகுந்தது. இங்கே அந்தப் படிவே கிடையாது. எத்தனை அடி துளைத்தாலும் புகுவதற்கு எண்ணெய் இல்லை.

இத்தகைய பாறையில் பிளக் முறை கிட்டத்தட்டக் கைவிரிக்கிறது. வெடிப்பில் வெட்டினால் துண்டு உடைகிறது. வெடிப்பில்லாத இடத்தில் வெட்டினால் ஏறக்குறையப் பூஜ்யம் காட்டுகிறது. பெரிய கோரை முழுசாக அளக்கிறார்கள், கிணற்றுச் சுவரைப் படமெடுத்து வெடிப்புகளை எண்ணுகிறார்கள்.

நம் போர்களில் ஒன்றில் தண்ணீரும் நூறடி தள்ளி இன்னொன்றில் புழுதியும் வருவதற்கும் இந்த வெடிப்புகள் இருப்பதும் இல்லாததுமே காரணம். சிதைந்த மேல்பாறையிலிருந்து வடியக்கூடிய நீர், இந்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறைப்படி, பாறையின் கன அளவில், களிமண் அதிகமிருந்தால் 1.5 சதவீதம், குறைவாக இருந்தால் 3 சதவீதம். மணற்பாங்கான ஆற்றுப் படிவுக்கு 16. ஒரு ஹெக்டேரில் 10 மீட்டர் தடிமனுக்குச் சிதைந்த பாறை நீரால் நிரம்பியிருந்தால், 1.5 சதவீதக் கணக்கில் 15 லட்சம் லிட்டர். அதே அளவு ஆற்று மணலில் 160 லட்சம். சிதைந்த பகுதியைத் தாண்டிக் கெட்டிக் கல்லுக்குள் இறங்கியபின் இந்தச் சேமிப்பு அடிக்கு அடி கூடுவதில்லை. குறுக்கே ஒரு வெடிப்பு வந்தால்தான் உண்டு, ஆழம் போகப் போக மேலிருக்கும் சுமை அந்த வெடிப்புகளையும் மூடிக்கொண்டு வருகிறது. 600 அடியில் காய்ந்த போரை 1,200 அடிக்கு இறக்கக் கடன் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இடத்தில் வெடிப்பு இருப்பதற்கு என்ன அடையாளம் என்பது.